கருவுற்றமையின் முதற் குறிகள்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை மூத்தோர் நேரே சொல்வதில்லை. “பிள்ளை முழுகாமல் இருக்கிறாள்” என்பர். மாதவிலக்குக் கழிந்து தலைமுழுகும் நாள் வந்தும் முழுக்கு நிகழவில்லை என்பதே இதன் பொருள். நாணத்தினாற் பிறந்த இந்த மறைமொழி, வைத்தியர்கள் முதலில் வைத்து எண்ணும் குறியையே சரியாகச் சுட்டுகின்றது. வாந்தியைப் பற்றியோ, புளிமாங்காயின் மீதெழும் ஆசையைப் பற்றியோ அது பேசவில்லை. தவறிய நாளைப் பற்றிப் பேசுகின்றது.

இவ்வளவு நுட்பமாகக் குறியை அறிந்த அதே வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. மூன்று மாதங் கழியுமுன் செய்தி வெளியே போகலாகாது, போனாற் கண்ணூறு படும் என்பர். இவ்வழக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. கருச்சிதைவுகளிற் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களிலேயே நேர்கின்றன. ஊரறியச் சொல்லிப் பின் ஊரறியத் துயருறுவதிலிருந்து ஒரு பெண்ணைக் காக்க முன்னோர் செய்த ஏற்பாடு இது என்று கொள்ளலாம். ஆனால் ஊருக்கு மறைப்பது வேறு, மருத்துவமாதுக்கு மறைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டதினாலேயே தீங்கு விளைகின்றது. மறைத்து வைக்கப்படும் அந்த வாரங்களிலேதான் குழந்தையின் உறுப்புக்கள் யாவும் உருக்கொள்கின்றன.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். சூல்கொண்ட நாளிலிருந்து ஏறக்குறைய 28ஆம் நாளில், மூளையாகவும் முண்ணாணாகவும் வளரவிருக்கும் நுண்ணிய குழல் மூடிக்கொள்கின்றது. அது சரிவர மூடாவிடின் குழந்தை தீராக் குறையுடன் பிறக்கும். நாலு வாரத்துக்கொருமுறை ஒழுங்காக மாதவிலக்காகும் பெண்ணுக்கு இந்த 28ஆம் நாள், விலக்குத் தவறிய பின் வரும் இரண்டாவது வாரத்தின் முடிவே ஆகும். “அடுத்த மாதமும் பார்ப்போம்” என்று அவள் காத்திருக்கையில் அந்த வேலை முடிந்துவிடுகின்றது. இக்குறையைப் பெரிதும் தடுக்கவல்ல போலிக் அமிலம், நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் அளவில், கருவுறுமுன்னரே தொடங்கப்படல் வேண்டும் என்பது இதனாலேயே. பிள்ளை விரும்பும் பெண்களுக்கு இம்மாத்திரைகளைக் குடும்பநல உத்தியோகத்தர்களே கொடுக்கின்றனர்.

மருந்துகளின் செய்தியும் இத்தகையதே. 1957ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்னும் தூக்க மருந்து, கர்ப்பகால ஓங்காளத்துக்கும் நல்லதென்று பலருக்குக் கொடுக்கப்பட்டது. 1961இல் அது நிறுத்தப்படுமுன், ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகள் கை கால் குறுகியும் வேறு ஊனங்களுடனும் பிறந்தன. சூல்கொண்டபின் 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடைப்பட்ட சில நாட்களே அம்மருந்து கேடு செய்த காலம். அந்நாட்களிற் பல தாய்மார் தாம் கருவுற்றிருப்பதை உறுதியாக அறிந்திருக்கவும் மாட்டார்கள். இன்றும் வலிப்பு நோய்க்கான வல்ப்ரோவேற்று, இரத்த உறைவைத் தடுக்கும் வார்பரின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் ஆகியவை கருவைத் தாக்கக்கூடியவை. இவற்றை உட்கொள்ளும் பெண் பிள்ளை விரும்பும்போதே வைத்தியரிடம் கூறவேண்டும். வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்திவிடுவதும் ஆபத்து. மாற்று மருந்தை வைத்தியரே தெரிவு செய்வார்.

இனிக் குறிகளைப் பார்ப்போம். நாள் தவறுமுன்னரே சிலருக்கு மார்பகம் கனத்து, தொட்டால் நோகும். காம்பைச் சூழ்ந்த வட்டம் நாளடைவிற் கறுத்து அகலும். அதிற் சிறு புடைப்புக்கள் தோன்றும். காரணமற்ற அயர்ச்சியும் பகல் தூக்கமும் வரும். முன்னிரவில் விளக்கேற்றியவுடன் கண்ணயரும் மருமகளைச் சோம்பேறி என்று கடியும் மாமியார், நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடிவது நன்று. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதும் இக்காலத்ததே. சிறுநீர் கழிக்கையில் எரிவோ காய்ச்சலோ இருந்தால் அது கருவின் குறியன்று, தொற்றின் குறி.

ஓங்காளமும் சத்தியும், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் வாரங்களிற் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தளவில் உச்சமடைந்து, பின் தணியும். காலையில் மட்டும் வருவதென்று எண்ணுவது தவறு, எப்பொழுதும் வரலாம். கருவாடு பொரிக்கும் மணமும், நேற்றுவரை விரும்பிய தேநீரின் மணமும் வெறுத்துப்போகும். எழுந்தவுடன் ஒரு வறண்ட விசுக்கோத்து, சிறுசிறு அளவாகப் பலமுறை உணவு, இஞ்சி கலந்த நீர் ஆகியன ஆறுதல் தரும். சிலருக்கோ சத்தியே வருவதில்லை. அதனாற் கரு இல்லையென்றோ, குறையுடையதென்றோ கொள்ளுதல் கூடாது.

மசக்கையில் எழும் ஆசைகள் தமிழருக்குப் புதியனவல்ல. ‘வயா’ என்னும் சொல் மிக்க வேட்கையைக் குறிக்குமெனத் தொல்காப்பியம் உரியியலிற் கூறுகின்றது; கருவுற்றாளின் வேட்கைக்கும் பிற்காலத்தில் அதுவே பெயராயிற்று. புளிப்பிலும் உறைப்பிலும் எழும் ஆசை தீங்கற்றது. பச்சையரிசியையும் சாம்பலையும் சுட்ட மண்ணையும் தின்னத் தூண்டும் ஆசை வேறு. அது பலவேளைகளில் இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தமையோடு சேர்ந்து வருவது. சிரித்துவிட்டு விடாமற் சோதிப்பிக்க வேண்டுவது.

ஏமாற்றும் குறிகளும் உள. கரு கருப்பையிற் பதியும் வேளையிற் சிலருக்கு ஓரிரு துளி இரத்தம் கசியும். விலக்கு வரவேண்டிய நாளையொட்டியே அது வருவதால், “இம்முறை குறைவாகப் பட்டது” என்று எண்ணிவிடுவர். மறுபுறம், மனக்கவலை, உடல் மெலிவு, தைரொயிட் சுரப்பியின் கோளாறு, கருத்தடை ஊசி என்பவற்றாலும் நாள் தவறும். பாலூட்டும் தாயின் நிலை தனி. பிள்ளை பெற்றபின் விலக்கு ஒருமுறையேனும் திரும்பாமலே அவள் மறுபடி கருவுறலாம். தவறுவதற்கு அவளிடம் நாளே இல்லை. இங்கிலாந்து அரசி முதலாம் மேரி 1555ஆம் ஆண்டில் வயிறு பருத்து எல்லாக் குறிகளுடனும் இருந்தாள். மகன் பிறந்துவிட்டானென்ற வதந்தியில் இலண்டனில் மணிகளும் அடிக்கப்பட்டன. பிள்ளை பிறக்கவேயில்லை.

ஆகவேதான் மனிதர் நெடுங்காலமாக உறுதியான சோதனையொன்றைத் தேடினர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியப் பப்பிரசுச் சுவடியொன்று, பெண்ணின் சிறுநீரைக் கோதுமை, வாற்கோதுமை விதைகள்மேல் ஊற்றி முளைக்கின்றனவா எனப் பார்க்கச் சொல்கின்றது. 1963இல் எகிப்திய ஆய்வாளர் இதைச் செய்து பார்த்தபோது, கருவுற்றோரின் சிறுநீர் பத்தில் ஏழு முறையளவில் முளைக்கவிட்டது. எந்த விதை முளைக்கிறது என்பதைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கூறும் பகுதி மட்டும் பலிக்கவில்லை. பேர்லினில் அஷைம், சொன்டெக் என்னும் இருவர் 1920களின் பிற்பகுதியில், சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியேற்றி அதன் சூலகத்தைப் பார்த்துச் சொல்லும் முறையை வகுத்தனர். பின் ஆபிரிக்கத் தேரைகள் அவ்விடத்தைப் பிடித்தன. எலியும் தேரையும் காட்டிக்கொடுத்தது ஒரே பொருளையே: பதிந்த கருவைச் சூழும் இழையம் சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஓமோன். இன்று மருந்துக்கடையில் வாங்கும் சிறு பட்டியும் அதனையே தேடுகின்றது.

அப்பட்டியை விலக்குத் தவறிய நாளிலிருந்து பயன்படுத்தலாம். இரவு முழுதும் தேங்கிய காலைச் சிறுநீரே சிறந்தது. பொதியிற் குறித்த நிமிடங்களுக்குள் முடிவைப் பார்க்க வேண்டும், மாலையிற் பார்த்த கோட்டுக்குப் பொருளில்லை. இரண்டாங் கோடு மங்கலாயினும் அது கோடே. ஒரு கோடு மட்டுமே தெரிந்து, விலக்கும் வராவிடின், ஒரு வாரம் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும்.

நாட்கணக்குப் பற்றி ஒரு சொல். வைத்தியர் சூல்கொண்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை, அது எவருக்கும் திட்டமாகத் தெரியாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுவர். அந்நாள் ஜனவரி 10ஆந் திகதியாயின், ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் ஒக்டோபர் 17 வரும். ஆகவே மணமான ஒவ்வொரு பெண்ணும் நாட்காட்டியில் மாதந்தோறும் இடும் ஒரு சிறு பென்சிற் கோடு, பிற்பாடு கருவிகளாற் தேட வேண்டியிருப்பதைச் செலவின்றித் தந்துவிடும்.

சில குறிகள் காத்திருக்க விடா. நாள் தவறிய பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, கசிவு, மயக்கம், தோள்முனை வலி என்பன நேர்ந்தால், கரு கருப்பைக்கு வெளியே குழாயிற் தங்கியிருக்கக் கூடும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் பெருகி உயிர் போகலாம். ஓமவாட்டர் கொடுத்து விடியும்வரை பார்க்கும் வேளையன்று அது. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குடித்த நீரும் தங்காமற் சத்தியெடுத்து, சிறுநீர் கறுத்துக் குறைந்தாலும் அவ்வாறே.

இந்நாட்டில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, வீடு தேடி வரும் மருத்துவமாதின் சேவை வளர்ந்து வந்திருக்கின்றது. 1940களில் ஓர் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஐம்பதுக்கும் குறைவு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்ததும், கர்ப்பிணிகளின் இரத்தம் நேரகாலத்துடன் சோதிக்கப்பட்டமையாலேயே. எட்டு வாரத்துக்குள் பெயர் பதிவது அவ்வுத்தியோகத்தர் எதிர்பார்ப்பது. மாமியிடம் இன்னுஞ் சொல்லாத பெண்ணும், எவரிடமுமே சொல்ல முடியாத பெண்ணும் அவரிடம் சொல்லலாம். கேட்டதை ஊரிற் பரப்புவது அவர் தொழிலன்று.

முதல் வருகையில் அவர் கேட்பது கடைசி விலக்கின் திகதி, முந்திய பிள்ளைப்பேறுகள், உட்கொள்ளும் மருந்துகள், குடும்பத்து நோய்கள் ஆகியவற்றை. பின் கர்ப்பப் பதிவேடு எழுதப்படும்; கிளினிக்கில் உயரம், நிறை, இரத்த அழுத்தம் பார்ப்பர்; குருதியின் வகை, சீனி, இரும்புச் சத்து நிலை என்பவற்றுக்கு இரத்தம் எடுப்பர். பதினொரு வாரம் முதற் பதினான்கு வாரம் வரையில் எடுக்கும் ஸ்கேன் படம், குழந்தையின் நீளத்தை அளந்து நாட்கணக்கைக் கூறும். திகதியை மறந்தவளுக்கு அதுவே கணக்கு.