கையெழுத்துப் போடும் முன் 'சாதி' என்ற சொல்லைத் தேடுங்கள்

(புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த பணியாளர் கையேட்டை முழுவதும் படித்தவர்கள் கை தூக்குங்கள். யாரும் இல்லை. வெட்கப்பட வேண்டாம், நானும் படித்ததில்லை.

ஆய்வுப் படிப்புக்கு வருவதற்கு முன் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தேன். முதல் நாள் திரையில் எழுபது பக்க ஆவணம் வந்தது. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினேன். வீட்டில் முதல் சம்பளத்துக்காகக் காத்திருந்தார்கள். யார் உட்கார்ந்து படிப்பது?

இரண்டாம் ஆண்டில் புதிதாக வந்த டீம் லீட் சொந்த ஊரைக் கேட்டார். சொன்னேன். "ஊர்ப்பக்கமா, காலனிப்பக்கமா?" என்றார், சிரித்துக்கொண்டே. நான் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமே அவருக்குப் பதிலாகிவிட்டது. பிறகு வாடிக்கையாளர் கூட்டங்களுக்கு என்னை அழைப்பது நின்றது. என் காதுபட 'கோட்டா' ஜோக்குகள் தொடங்கின. தனியார் நிறுவனத்தில் கோட்டாவே கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அந்த ஆண்டு அப்ரைசலில் 'டீமோடு ஒட்டவில்லை' என்று எழுதினார்.

ஹெச்.ஆரிடம் போனேன். அந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில் சொன்னார்: "ஜெண்டர், ரிலிஜன், டிஸ்எபிலிட்டி எல்லாத்துக்கும் கேட்டகிரி இருக்குங்க. சாதிக்கு எங்க சிஸ்டத்துல கேட்டகிரி இல்ல. சக ஊழியர்களுக்குள்ள மனத்தாங்கல்னு போட்டுக்கட்டுமா?"

நான் தலையாட்டினேன்.

அன்று இரவுதான் கையேட்டைத் திறந்து, சாதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடினேன். எழுபது பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. இது தற்செயலா? இல்லை, தோழர்களே. எதை எழுதியே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறதோ, பெரும்பாலும் அதைத்தான் நிறுவனங்கள் எழுதுகின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் பற்றி விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்கச் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைச் சட்டம் புகார் அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. எல்லாம் போராடிப் பெற்றவை. நாம் கொண்டாட வேண்டியவை.

ஆனால் அந்த 2013 சட்டத்தின் வேரைப் பாருங்கள். ராஜஸ்தானில் அரசுத் திட்டப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி குயவர் சமூகத்துப் பெண். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார் என்பது வழக்கு. அதையொட்டி 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்து இந்தச் சட்டம் வந்தது. அவர்மீது நடந்தது பாலினக் கொடுமை மட்டுமா? சாதியும்தானே? சட்டம் அலுவலகத்துக்குள் வந்தபோது சாதி வாசலிலேயே நின்றுவிட்டது.

"வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே?" என்பீர்கள். 1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நமக்குப் பெரிய ஆயுதம். ஆனால் சாதியை வைத்து இழிவுபடுத்துவது குற்றமாக, அது பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தால் அந்தப் பிரிவில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கதவை மூடிக்கொண்டு போடுகிற அப்ரைசல் மதிப்பெண்ணை எதில் சேர்ப்பது? அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு வேலையில் சம வாய்ப்பு தருகிறது, ஆனால் அது அரசு வேலைக்குத்தான்.

வேலைக்குள் நுழையும் வாசலிலும் இதே கதைதான். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் முக்கியம் என்றவர்களே, நேர்காணலில் 'குடும்பப் பின்னணி' கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள்.

2020இல் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் முறையிட்டபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று நிறுவனத் தரப்பில் சொன்னதாக மனுவில் இருந்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. எனக்கு அதைப் படித்தபோது அந்த ஹெச்.ஆர். அம்மாவின் குரல்தான் கேட்டது. அதன்பின் ஆப்பிள் தன் நடத்தை விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். ஒரே ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? அது எழுத்தில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கையேட்டைத் திறங்கள். பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் சாதி இருக்கிறதா? இல்லையென்றால், 'சட்டம் பாதுகாக்கும் வேறு எந்த அடிப்படையிலும்' என்பது போன்ற வரி இருக்கிறதா? இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளலாம். புகாரை வாங்குவது யார், உங்கள் மேலாளரின் மேலாளரா? எத்தனை நாளில் பதில் வரவேண்டும்? புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா?

எல்லோரும் நாளைக்கே புகார் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடுகிற வீடுகளிலிருந்து வருகிறோம். ஆனால் குறித்து வைப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். தேதி, இடம், உடனிருந்தவர்கள், சொன்ன வார்த்தை அப்படியே. புகார் கொடுப்பதென்றால் மின்னஞ்சலில் கொடுங்கள், சாதி என்ற சொல்லைப் போட்டே எழுதுங்கள். அவர்கள் வேறு பெயர் வைத்தால், 'என் புகார் சாதிப் பாகுபாடு பற்றியது' என்று மறுமொழி அனுப்புங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, கொள்கையில் அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள்.

இப்போது என் ஆய்வே தனியார் வேலையிடங்களில் சாதி பற்றித்தான். போகும் இடமெல்லாம் "எங்களிடம் அப்படி ஒரு புகார்கூட வந்ததில்லை" என்கிறார்கள். அவர்கள் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அப்படி ஒரு பதிவேட்டில் என் புகாரும் இருக்கிறது, மனத்தாங்கல் என்ற பெயரில். அதற்கு அன்று தலையாட்டியது நான். நீங்கள் ஆட்டாதீர்கள்.