எல்லாரும் மீறுகிற விதி



2023 ஜூலை மாதக் கடைசியில் நம் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என்.எல்.சி. நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, போலீஸ் காவலோடு மண்வாரி இயந்திரங்கள் வயலில் இறங்கின. நிலத்தை எப்போதோ எடுத்துவிட்டோம் என்றது நிறுவனம். ஆனால் அந்த நிலத்தில் நெற்பயிர் நின்றுகொண்டிருந்தது. பச்சைப் பயிரை இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் மண்ணோடு மண்ணாக அரைத்துக்கொண்டு போனதைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அறுவடை முடியும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று நீதிபதி வேதனையோடு கேட்டார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று ஆனது.

நம் கம்மாபுரத்துக்காரர்களுக்கு இது அக்கம்பக்கத்துச் செய்தி. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களும், எப்போது நோட்டீஸ் வருமோ என்று காத்திருப்பவர்களும் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். அன்றைக்கு வயலில் இறங்கிய நிறுவனம் மத்திய அரசுடையது. காவலுக்கு நின்ற போலீஸ் மாநில அரசுடையது. அந்தக் காட்சி வெளியே போகாமல் இருந்திருந்தால் இரண்டு தரப்புக்குமே சங்கடம் குறைந்திருக்கும். அப்படி ஒரு காட்சியைத் தடுக்க நம் நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

1995ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் 19ஆவது பிரிவு, பொதுநலன் கருதி ஒரு நிகழ்ச்சியையோ ஒரு சேனலையோ காட்டக் கூடாது என்று கேபிள் நடத்துபவருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளூர் அதிகாரிகளுக்கே கொடுக்கிறது. மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நிர்வாக நடுவர், மாநகரக் காவல் ஆணையர் ஆகியோர் அந்த அதிகாரிகள். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், கம்மாபுரம் வீடுகளில் எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று விருத்தாசலம் கோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்தே ஓர் உத்தரவு போட முடியும். 20ஆவது பிரிவு மத்திய அரசுக்கு இன்னும் பெரிய அதிகாரத்தைத் தருகிறது.

எந்த நிகழ்ச்சி கூடாது என்பதற்கு, 1994ஆம் ஆண்டின் கேபிள் விதிகளில் 6ஆவது விதியாக ஒரு பட்டியல் இருக்கிறது. நிகழ்ச்சி விதித்தொகுப்பு என்று அதற்குப் பெயர். நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறாக எதுவும் இருக்கக் கூடாது. மதங்களையோ சமூகங்களையோ தாக்கக் கூடாது. வன்முறையைத் தூண்டக் கூடாது. அரைகுறை உண்மைகளைச் சொல்லக் கூடாது. தனிமனிதரை விமர்சிக்கவோ பழிக்கவோ கூடாது. பெண்களை இழிவுபடுத்தக் கூடாது. மூடநம்பிக்கையை வளர்க்கக் கூடாது. நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது.

கேட்கும்போது பெரும்பாலானவை நியாயமாகத்தான் படும். இப்போது இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க டிவி பாருங்கள். காலையில் எழுந்தவுடன் ராசிபலன். அடுத்து, வீட்டில் இதை மாட்டினால் செல்வம் கொட்டும் என்று எந்திரத் தகடு விற்கும் நிகழ்ச்சி. மாலையில் மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் விஷம் வைக்கத் திட்டமிடும் சீரியல். இரவு எட்டு மணிக்கு ஒருவரையொருவர் ஏக வசனத்தில் பேசும் விவாதம். விதியை எழுத்துக்கு எழுத்துப் படித்தால், தமிழில் ஓடுகிற சேனல்களில் மீறாத சேனல் ஒன்றுகூட மிஞ்சாது. நட்பு நாடு என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் நம் உறவுகள் செத்து விழுந்தபோது இலங்கை அரசைக் கண்டித்துப் பேசிய ஒவ்வொரு நிகழ்ச்சியும் அந்த வரியின்படி குற்றம்.

என் கவலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எல்லாரும் மீறுகிற ஒரு விதி, எல்லார் மீதும் பாய்வதில்லை. யார் மீது பாய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற வசதியை அது ஆட்சியில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறது. மூடநம்பிக்கையை வளர்த்த குற்றத்துக்காக ராசிபலன் நிகழ்ச்சியை யாரும் நிறுத்தவில்லை. நடவடிக்கை வந்த இடங்கள் வேறு.

2015இல் சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் சத்தியம் தொலைக்காட்சிக்கு, பிரதமரை விமர்சித்த நிகழ்ச்சிகளைக் காரணம் காட்டி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எச்சரிக்கை அனுப்பியது. அந்தச் சேனல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியது. 2016 நவம்பரில், பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதலை ஒளிபரப்பிய விதத்துக்காக என்.டி.டி.வி. இந்தியா சேனலை ஒருநாள் நிறுத்த உத்தரவு வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் டெல்லிக் கலவரச் செய்திக்காகக் கேரளத்தின் ஏசியாநெட் நியூஸ், மீடியா ஒன் ஆகிய இரண்டு சேனல்களுக்கு 48 மணிநேரத் தடை போட்டார்கள். மறுநாள் காலைக்குள் அதை விலக்கிக்கொண்டார்கள்.

மீடியா ஒன் கதை அதோடு முடியவில்லை. 2022 ஜனவரி 31ஆம் தேதி, அதன் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று அமைச்சகம் சொன்னது. காரணம் கேட்டால், தேசப் பாதுகாப்பு. என்ன பாதுகாப்பு என்று கேட்டால், மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கே தன் மேல் என்ன குற்றம் என்று தெரியாது. கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2023 ஏப்ரல் 5ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி ஹிமா கோலி அமர்வு அந்தத் தடையை ரத்து செய்தது. அரசின் கொள்கையை விமர்சிப்பதாலேயே ஒரு சேனலை அரசுக்கு எதிரானது என்று முத்திரை குத்த முடியாது, தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு மக்களின் உரிமையைப் பறிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சரி, அப்படியானால் எந்த விதியும் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோக்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த மாடியில் இறங்குகிறார்கள் என்று சேனல்கள் நேரலையில் காட்டின. எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பயங்கரவாதிகளுக்கு உத்தரவு போட்டார்கள். அந்தத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்பின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சாடியது. 2020இல் ஒரு சேனல், முஸ்லிம் இளைஞர்கள் குடிமைப் பணிக்குத் தேர்வாவதையே சதி என்று சொல்லி ஒரு தொடரை ஓட்டியபோது உச்ச நீதிமன்றமே குறுக்கிட்டு நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்கும் பேச்சைக் கருத்துச் சுதந்திரம் என்று நான் ஏற்க மாட்டேன். பத்து பேர் கூடி நிற்கிற தெருவில் பேசுவதும், பத்து லட்சம் வீட்டுக் கூடங்களில் ஒரே நேரத்தில் பேசுவதும் ஒன்றல்ல.

ஆகவே விதி வேண்டும். அதை யார் கையில் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1995லேயே பதில் சொல்லிவிட்டது. ஒரு கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் வந்த வழக்கு அது. நீதிபதிகள் மூன்று பேர்: சாவந்த், ஜீவன் ரெட்டி, ஒருகாலத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். மோகன். வான் அலைகள் பொதுச் சொத்து, அவை அரசின் தனிச் சொத்து அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் பிரதிபலிக்கிற, அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத தன்னாட்சி அமைப்பு ஒன்றை உடனே ஏற்படுத்துங்கள் என்றும் சொன்னார்கள். 1997இல் அதற்காக ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆட்சி கவிழ்ந்தது, மசோதாவும் காலாவதியானது. 2023இல் ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவு வந்தது. அதிலும் கடைசிச் சாவி அரசிடமே இருந்தது. 2024இல் திருத்திய வரைவுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். முப்பது வருடங்களாகியும், உடனே என்று நீதிமன்றம் சொன்ன அமைப்பு இன்னும் வரவில்லை.

பக்கத்து நாடான இலங்கையில் இதே 1997இல் ஒளிபரப்பு அதிகார சபை மசோதா ஒன்று வந்தது. அந்தச் சபையின் உறுப்பினர்கள் ஆட்சியாளர்களின் பிடியில் இருப்பார்கள், அதற்குச் சுதந்திரம் இல்லை என்று சொல்லி, அரசியலமைப்புக்கு முரணானது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சபை வைத்தால் மட்டும் போதாது, சபையில் உட்காருபவரை நியமிப்பது யார் என்று பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு தருகிற பாடம்.

இதுவரை டெல்லியைப் பற்றிச் சொன்னேன். நம் வீட்டுக் கதையையும் பேசத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் சேனலை அடக்க நிகழ்ச்சி விதித்தொகுப்பைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. கேபிள் ஒயர் போதும்.

2006 ஜனவரியில் அ.தி.மு.க. அரசு, சுமங்கலி கேபிள் உள்ளிட்ட பெரிய கேபிள் நிறுவனங்களை அரசே எடுத்துக்கொள்ளச் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2007இல் தி.மு.க. அரசு, அரசு கேபிள் டிவி நிறுவனத்தைத் தொடங்கியது. 2011இல் மீண்டும் ஜெயலலிதா முதல்வரானதும் மாதம் 70 ரூபாய் என்று அது வீடு வீடாகப் போனது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய உதவி, மறுக்கவே முடியாது. ஆனால் மாநில அரசோ அதன் நிறுவனமோ இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008லும் 2012லும் பரிந்துரைத்தது. மாநில அரசு அதைக் காதில் வாங்கவில்லை.

விளைவு என்ன? 2018 ஜூனில் கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை சேனல் மீது வழக்குப் பதிந்தார்கள். அரசு கேபிளில் அந்தச் சேனலை எங்கோ கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டதாகப் பத்திரிகையாளர்கள் கண்டித்தார்கள். அப்போது ஆட்சி அ.தி.மு.க. கையில், கண்டித்த கட்சிகளில் தி.மு.க.வும் உண்டு. 2025 அக்டோபரில் அதே சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்ற புகார் எழுந்தது. இந்த முறை ஆட்சி தி.மு.க. கையில், கண்டித்தது அ.தி.மு.க. நாற்காலி மாறியதும் பேச்சும் மாறிவிட்டது.

இந்தத் தணிக்கை எவ்வளவு ஓசையில்லாமல் நடக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உத்தரவு எதுவும் இல்லை, காரணம் எதுவும் இல்லை. நீங்கள் ரிமோட்டில் வழக்கமான எண்ணை அழுத்துகிறீர்கள். வேறு ஏதோ வருகிறது, அல்லது சிக்னல் இல்லை என்று வருகிறது. கேபிள்காரருக்குப் போன் போட்டால், மேலேயே வரலீங்க என்கிறார். அவரும் பொய் சொல்லவில்லை. பாக்ஸில்தான் கோளாறு போல என்று நினைத்து வேறு சேனலுக்குப் போய்விடுகிறீர்கள். உத்தரவு என்று ஒன்று இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். கோளாறை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

கருத்துச் சுதந்திரத்தில் முன்னோடி என்று சொல்லப்படும் அமெரிக்காவிலும் இப்படி உத்தரவில்லாத தணிக்கை நடக்கிறது. அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் தணிக்கை செய்யக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனாலும் 2025 செப்டம்பரில் ஜிம்மி கிம்மல் என்பவரின் இரவு நிகழ்ச்சியைப் பற்றி ஆணையத் தலைவர் மிரட்டும் தொனியில் பேசினார். அன்றைக்கே அந்த நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள், ஒரு வாரத்துக்குள் நிகழ்ச்சி திரும்பி வந்தது. திரும்பக் கொண்டுவந்தது பார்வையாளர்களின் கோபம்.

வானொலியில் பேசிக்கொண்டு வானொலியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இன்று வரை அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். டிவியில் வளையமாதேவியைக் காட்டலாம், பத்திரிகையில் எழுதலாம், ஆனால் பக்கத்து ஊர் எஃப்.எம். நிலையம் அதைச் செய்தியாகச் சொல்லக் கூடாது. இந்தத் தடைக்கு எந்த நியாயமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நேயர்களே, முடிவாக மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நிகழ்ச்சி உங்கள் சமூகத்தையோ, உங்கள் வீட்டுப் பெண்களையோ இழிவுபடுத்தினால் சும்மா இருக்காதீர்கள். சேனல் அலுவலகத்தில் கல்லெறிவதும் குண்டு வீசுவதும் வழியல்ல. 2015 மார்ச்சில் தாலி பற்றிய ஒரு நிகழ்ச்சிக்காகச் சென்னையில் அதுவும் நடந்தது, வெட்கக்கேடு. 2021ஆம் ஆண்டின் விதித் திருத்தப்படி நீங்கள் சேனலுக்கே எழுத்தில் புகார் அனுப்பலாம். 24 மணிநேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் பதில் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம்.

அடுத்தது, ஒரு சேனல் திடீரென்று காணாமல் போனால் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சேனல் உங்களுக்குப் பிடிக்காத சேனலாகவே இருக்கட்டும். ஏன் தெரியவில்லை என்று கேபிள்காரரிடம் கேளுங்கள், அரசு கேபிள் என்றால் அரசிடம் கேளுங்கள். இன்றைக்கு உங்களுக்குப் பிடிக்காததை நிறுத்திய கை, நாளைக்கு உங்கள் வயலைக் காட்டும் காட்சியையும் நிறுத்தும்.

கடைசியாக, ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அவரிடம் ஒரு கேள்வி வையுங்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தன்னாட்சி அமைப்பைக் கொண்டுவர உங்கள் கட்சி குரல் கொடுக்குமா? அரசு கேபிளில் எந்தச் சேனலும் காரணம் சொல்லாமல் நீக்கப்படாது என்று எழுதித் தருமா? எதிர்க்கட்சியாக இருக்கும்போது இதற்கு ஆமாம் என்று சொல்வது சுலபம். ஆளுங்கட்சியானதும் அதே பதிலைச் சொல்கிறார்களா என்று பார்த்து ஓட்டுப் போடுங்கள்.