எலிக்கு வைத்த மருந்து



ஒரு வாரம் ஷிப்டு பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உங்களை இங்கே உட்கார வைத்துவிட்டோம். அதிக நேரம் பிடிக்காது. எலிமருந்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு அனுப்பிவிடுகிறேன்.

நம்ம பக்கம் எலிக்குப் பஞ்சமில்லை. வரிசையாக லைன் வீடு, பின்னால் சாக்கடை, பக்கத்திலேயே தறி ஷெட், வேஸ்ட் துணிக் குடோன். அரிசி மூட்டையையும் கடிக்கும், பண்டல் போட்டு வைத்த பனியன் துணியையும் கடிக்கும். கோபம் வரத்தான் செய்யும். கடையில் ஒரு மருந்தை வாங்கி, தக்காளியிலோ தேங்காய்ச் சில்லிலோ தடவி அடுப்படி மூலையில் வைத்துவிட்டு, அம்மாவும் அப்பாவும் கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வருகிற குழந்தைக்கு அது எலிக்கு வைத்த தேங்காய் என்று யார் சொல்வது?

2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். எலித் தொல்லை தாங்காமல் ஆட்களை வரவழைத்து வீட்டில் மருந்து வைத்தார்கள். இரவு கதவை அடைத்து, ஏ.சி. போட்டுப் படுத்தார்கள். விடிந்தபோது வீட்டிலிருந்த எல்லோருக்கும் வாந்தி, மூச்சுத் திணறல். தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரியில் கிடக்க, இரண்டு குழந்தைகளும் இறந்துபோயின. மருந்தின் நெடி மூச்சில் ஏறியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. படித்த குடும்பம்தான், அக்கறையுள்ள பெற்றோர்தான்.

மூச்சிலே எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். பாஸ்பைடு என்ற வகை மருந்து ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். காற்றில் இருக்கிற ஈரமே சில மருந்துகளுக்குப் போதும். மக்காச்சோளம், நிலக்கடலை மூட்டைக்கு வண்டு விழாமல் வைக்கிற மாத்திரையும் இந்த இனம்தான். பல்லடம் பக்கம் சோளம் இருப்பு வைக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் அது. ஆள் படுக்கிற அறையிலோ, சுவர் ஒட்டிய அடுத்த அறையிலோ அதை வைக்கவே கூடாது. இந்த வாயுவுக்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. பூண்டு நாற்றமோ அழுகின மீன் நாற்றமோ அடித்து, தலைசுற்றல் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே ஓடி வாருங்கள். ஜன்னலைத் திறக்கிற வேலை பிறகு.

அடுத்தது பற்பசை மாதிரி டியூப்பில் வரும் எலிப்பசை. அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். பற்பசை என்று நினைத்துப் பல் விளக்கினவர்களே உண்டு. தமிழ்நாடு அரசு 2022-23-இல் இதைத் தடை செய்தது. பழைய டியூப் பரணில் கிடக்கலாம், தேடிப் பாருங்கள். கிடைத்தால் பிதுக்கிக் குப்பையில் போடாதீர்கள், மூடியபடியே சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

இந்தப் பசையிடம் ஒரு துரோகக் குணம் இருக்கிறது. முதல் நாள் வாந்தியும் வயிற்று வலியும் வரும். பிறகு ஓரிரண்டு நாள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பான். "இனி என்னங்க டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகி, நினைவு தடுமாறித் திரும்பி வரும்போது நிலைமை கை மீறியிருக்கும். ஆகவே டாக்டர் போகலாம் என்று சொல்கிற வரைக்கும் ஆஸ்பத்திரியை விட்டு நகராதீர்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றிச் செய்கிற ஒரு சிகிச்சையை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதற்குப் பயன்படுத்திப் பலரைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் வந்தால்தான் அதற்கெல்லாம் வழி.

கேக் மாதிரி வருகிற மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பல் ஈறில், சிறுநீரில் ரத்தம் தெரியும். இதற்கு வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு.

எந்த மருந்தானாலும் நீங்களாக வைத்தியம் பண்ணாதீர்கள். உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. பால் கொடுத்தால் விஷம் முறியும் என்று நம் அம்மாமார் சொல்வார்கள். பாஸ்பரஸ் பசைக்குப் பாலும் எண்ணெயும் அதை உடம்பில் இன்னும் வேகமாக ஏற்றிவிடும். 108-க்குப் போன் பண்ணுங்கள். மருந்து டப்பா, உறை எது கிடைத்தாலும் கையோடு எடுத்து வாருங்கள். எந்த விஷம் என்று தேடியே பாதி நேரம் போய்விடுகிறது எங்களுக்கு.

இன்னொன்று, சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். எலிமருந்து சாப்பிட்டு வருகிறவர்களில் பெரியவர்கள் அதிகம். கடன், குடி, பீஸ் ரேட் கூலி பத்தாத சண்டை. அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எதுவோ அதுதான். சாக வேண்டும் என்று முடிவு கட்டினவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கோபம் அடங்குகிற வரை விஷம் கையில் கிடைக்காமலிருந்தால் பிழைத்திருப்பார்கள். இலங்கையில் 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது வருஷத்தில் தற்கொலைச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. அங்கே குடும்பச் சண்டை நின்றுவிட்டதா என்ன? வாசல் தெளிக்கிற சாணிப்பவுடரும் நம் கொங்கு நாட்டில் இதே கதைதான். அதையும் வீட்டில் வைக்காதீர்கள். மனசு தாங்காதபோது 104, 14416 என்ற எண்களில் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது.

அப்போ எலியை என்ன பண்ணுவது? பொறி வையுங்கள், கருவாட்டுத் துண்டு போதும். வளையில் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் அடையுங்கள். சாக்கடை வாய்க்குக் கம்பி வலை போடுங்கள். அரிசியை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், இரவு எச்சில் பாத்திரம் கிடக்க வேண்டாம். ஒரு வீடு மட்டும் செய்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். லைனில் எல்லோரும் ஒரே நாளில் செய்யுங்கள். பக்கத்து ரூமில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சொல்லுங்கள். டப்பாவில் இருக்கிற தமிழ் எழுத்து அவர்களுக்குப் படிக்க வராது.

பொறி எங்கே கிடைக்கும் என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். சந்தையில் பாத்திரக் கடைக்காரரிடம் கேளுங்கள் அம்மா, வைத்திருப்பார்.