கடல் கடந்த பாட்டு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கொள்ளிடக் கரை ஆதனூரில் வாழ்ந்த நந்தனாருக்குத் தில்லை எட்டாத் தொலைவில் இருந்த ஊர் அன்று. நடந்தே வந்து சேரலாம். ஆயினும் சேக்கிழார் காட்டும் நந்தனார், தம் பிறப்பை எண்ணித் தயங்கி, நாளை நாளை என்றே நாளைக் கழித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கதையைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார், ஆதனூருக்கும் தில்லைக்கும் இடையே பண்ணை வேதியர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன்பின் தொலைவு என்பது காதக் கணக்காக இல்லை. ஆண்டையின் உத்தரவாக மாறிற்று. உத்தரவு கிடைக்காத நந்தனாருக்குத் துணையாக நின்றது பாட்டு ஒன்றே.

அந்தக் கீர்த்தனைகள் எழுந்த அதே காலத்தில் இம்மண்ணின் உழைப்பாளிகள் கப்பலேறத் தொடங்கினர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல், முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கியது. 1911 வரை அங்கே சென்றோர் 1,52,184 பேர். மூவரில் இருவர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். கடலூரும் சிதம்பரமும் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தார் அவர்களுள் பலர். ஐந்தாண்டு ஒப்பந்தம்; அதற்குள் பண்ணையை விட்டு அனுமதியின்றி அகன்றால் தண்டனை. நந்தனாரின் நிலையே கடலுக்கு அப்பாலும் தொடர்ந்தது.

அவர்கள் கொண்டு சென்ற மூட்டையில் பொருள் அதிகம் இல்லை. நெஞ்சிலோ தெருக்கூத்தும், திரௌபதையம்மன் வழிபாடும், தாலாட்டும், ஒப்பாரியும் இருந்தன. தென்னாப்பிரிக்காவில் கூத்தும் தீமிதியும் தலைமுறைகளைக் கடந்து நிலைத்தன. இலங்கை மலையகத்திலோ அர்ச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும், காமன் கூத்தும் தோட்டந்தோறும் நிகழ்ந்தன. விடியுமுன் பிரட்டுக்கு அழைத்த அதே தப்பு, திருவிழா இரவில் கூத்துக்கும் முழங்கியது. பகலில் ஏவலின் ஓசையாக இருந்ததை இரவில் தமதாக்கிக்கொண்டனர் அம்மக்கள். ஆறுதல் என்பது அவர்களுக்கு இவ்வாறு கிடைத்தது.

அப்பாடல்களைத் தேடித் தொகுத்த பெருமை, தோட்டத்திலேயே பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்கு உரியது. அவர்தம் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாக வெளிவந்தது. பிறந்த ஊரையும் அங்கு விட்டுவந்த தாயையும் நினைந்து உருகும் பாடல்கள் மலையகத்தில் உண்டு. கோப்பித் தோட்டப் பாடல்களும் உண்டு. 1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைநோயால் கோப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. செடி அழிந்த பின்னும் மக்கள் வாயில் கோப்பி வாழ்ந்தது.

அவற்றுள் ஒரு பாடலில், பழம் பறிக்கையில் ஒன்று தவறியதற்காகச் சின்னத்துரையிடம் உதைபட்டதை ஒரு பெண் சொல்கிறாள். அந்தத் துரையின் எதிரே அவள் பணிந்தே நிற்கவேண்டும். பாட்டிலோ அவனை ஒருமையில் சுட்டுகிறாள். வினைமுற்று ஒன்றின் விகுதியிலே அவள் தன் மானத்தை மீட்டுக்கொள்கிறாள். யாப்பறியாத அப்பெண் சொல்லின் வலிமையை நன்கு அறிந்திருந்தாள்.

இவ்விடத்தில் மகாகவி பாரதியாரை நினையாதிருக்க இயலாது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வாடிய பெண்களுக்காகக் காற்றை விளித்துக் கலங்கியவர் அவர். தாமும் 1908 முதல் பத்தாண்டு புதுவையில் ஒதுங்கி வாழ்ந்தவர். 1918 நவம்பரில் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கைதாகி, டிசம்பர் நடுப்பகுதி வரை இந்தக் கடலூர்ச் சிறையில் இருந்தவர். பிரிவின் துயர் அவருக்குப் புதிதன்று. எனினும் பாரதியார் பாடியது அப்பெண்களுக்காக. கோப்பித் தோட்டத்துப் பெண் பாடியது தனக்காக. முன்னதில் இரக்கம் பொங்குகிறது. பின்னதில் எள்ளல் ஒளிர்கிறது. இலக்கியம் இவ்விரண்டையும் போற்றவேண்டும். முன்னதை மனப்பாடம் செய்த தமிழ்நாடு, பின்னதைக் கேட்க நெடுங்காலம் தாழ்த்தியது.

ஆறுதலாகத் தொடங்கிய பாட்டு ஊக்கமாகவும் வளர்ந்தது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களில் உரிமைப் பாடல்களைப் பாடினார். அழுகையைப் பாட்டாக்கியிருந்த மக்கள், கோரிக்கையையும் பாட்டில் கேட்டனர்.

பின்னர் வந்தது மற்றொரு பிரிவு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவராக்கியது. 1964இல் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியே வந்தவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று ஏடுகள் எழுதின. அவர்களில் பலர் பிறந்தது தேயிலை மலையில். பாட்டன் பாட்டில் கேட்ட ஊருக்கு வந்து, தாம் பிறந்த ஊரை இழந்தனர். அவர்களுக்குத் தாயகம் எது? ஒப்பந்தத் தாளில் இதற்கு விடை இல்லை. அவர்கள் தொட்டிலருகே எந்த மலையின் பெயர் ஒலித்ததோ, அதுவே விடை.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பர்மாவின் வடகோடியில் வாழும் கச்சின் மக்கள், 2011இல் மீண்டும் மூண்ட போரால் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். மலைகளை விட்டு அயலூரில் வாழும் கச்சின் இளைஞன் ஒருவனுக்குத் தாய்மொழிப் பாட்டு எதைத் தருமோ, அதையே லயத்துக் காம்பராவில் தாலாட்டு தந்தது.

கவிஞர்களே! நூல் பாட்டின் சொல்லைக் காக்கும், மெட்டைக் காக்காது. மெட்டு முதியவர் தொண்டையில் இருக்கிறது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சிற்றூர்களிலும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் இன்னும் உளர். அடுத்த பத்தாண்டில் இந்த வட்டம் தன் கவிதைகளை அவர்களுக்குப் படித்துக் காட்டட்டும். அதற்கு முன் அவர்கள் பாடுவதைக் காது கொடுத்துக் கேட்கட்டும். உத்தரவுக்குக் காத்திராமல் கடல் கடந்த பாட்டுகள், கேட்பாரின்றி ஊரிலேயே மடிய வேண்டாம்.