கற்றலும் கற்பித்தலும் ஆக்கலும்

கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் மாலை வேளையில் அயற்பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கிறான். இரவில் கதை எழுதுகிறான். அல்லது பழைய நூலொன்றின் பக்கங்களைப் படம்பிடித்துக் கணினியிற் சேர்க்கிறான். யாழ்ப்பாணத்து வீடுகளில் இத்தகைய பிள்ளையைக் குறித்துப் பெற்றோர்க்கு ஒரு கவலை உண்டு. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய காலத்தில் இவையெல்லாம் எதற்கு என்பதே அது. இக்கேள்விக்கு யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாறே விடை தருகிறது.

1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் ஓர் உயர்கல்விக் கழகத்தை நிறுவினர். அங்கே ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாதபிள்ளை கணிதத்தில் வல்லவர். 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரிடம் பயின்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதற் பட்டதாரிகளைக் கண்டபோது, அப்பட்டதாரிகள் இருவரும் இந்த ஆசிரியரும் மாணாக்கருமே ஆவர். கற்பித்தவரே மீண்டும் மாணவராகித் தம் மாணவரோடு பரீட்சை எழுதினார். கற்பித்தல் அவர் கற்றலைத் தடுக்கவில்லை.

கற்பித்தல் கற்றலுக்கு எவ்வாறு துணையாகும்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆயிரம் பக்கமுள்ள அகராதியில் ஒரு சொல்லைத் தேட வேண்டும். நடுவே விரித்துப் பார்த்து, அச்சொல் முற்பாதியிலா பிற்பாதியிலா என அறிந்து, மற்றப் பாதியை நீக்கிவிடலாம். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்தால், பத்து முறைக்குள் உரிய பக்கம் கிடைத்துவிடும். கணினி தேடும் முறைகளுள் இதுவும் ஒன்று. இதனைக் கேட்கும் சிறுமி ஒருத்தி, "அகராதியில் சொற்கள் வரிசையாக இல்லாவிட்டால்?" என வினவுவாளாயின், அம்முறையின் அடிப்படையையே தொட்டுவிட்டாள். வரிசை பிழைத்தால் தேடலும் பிழைக்கும். பரீட்சைக்கு மனனஞ் செய்த மாணவன் எண்ணிப் பாராத நிபந்தனையை அவ்வினா அவனுக்கு உணர்த்திவிடுகிறது.

அவ்வினா அவனைத் தமிழ் நெடுங்கணக்கிற்கும் அழைத்துச் செல்லும். கணினிக்கென வகுக்கப்பட்ட ஒருங்குறி எண்வரிசையில் நகரத்தை அடுத்து னகரம் நிற்கிறது. நெடுங்கணக்கிலோ மெய்யெழுத்துகளுள் இறுதியாக நிற்பது னகரமே. எண்களை மாத்திரம் நம்பிச் சொற்களை அடுக்கினால் தமிழ் அகராதி நிலைகுலையும். இலக்கணம் கற்ற கணினி மாணவனே இக்குறையை எளிதிற் கண்டு திருத்துவான். தமிழில் அவன் கொண்ட விருப்பம் வீண்பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இனி, ஆக்க முயற்சியைப் பார்ப்போம். தாமோதரம்பிள்ளை 1854இல், இருபத்திரண்டு வயதளவில், நீதிநெறிவிளக்கத்தைப் பதிப்பித்தார். பின்னர்ச் சட்டமும் பயின்று நீதிபதியாயும் விளங்கினார். எனினும், செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கும் பணியை அவர் கைவிடவில்லை. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும் 1887இல் கலித்தொகையும் அவர் பதிப்பாக அச்சேறின. தொழிலுக்குப் புறம்பான அவ்வுழைப்பினாலேயே அவர் பெயர் இன்றும் நிலைக்கிறது.

ஏடுகள் அழிவதன் துயரை யாழ்ப்பாணம் நன்கறியும். 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. வேறு படியில்லாத ஏடுகள் மீளவே இல்லை. 2005இல் தொண்டர்களின் முயற்சியால் 'நூலகம்' என்னும் மின்னூலகம் தொடங்கப்பட்டு, ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் எவரும் படிக்கத்தக்கவாறு இணையத்தில் சேர்க்கப்பட்டன. இரவில் ஒரு மாணவன் படம்பிடிக்கும் பக்கத்தின் பெறுமதி இதனால் விளங்கும்.

பெற்றோரின் கவலையிலும் நியாயம் உண்டு. பணத்தின் பொருட்டு நாள் முழுதும் பிரத்தியேக வகுப்பு நடத்துவோன் தன் படிப்பை இழப்பான். விடைகளை மாத்திரம் ஒப்புவிக்கச் செய்வோன் பிள்ளைகளின் சிந்தனையையும் கெடுப்பான். அளவு வேண்டும், நோக்கமும் தூயதாதல் வேண்டும். அவ்விரண்டும் அமைந்த பிள்ளையைத் தடுக்க வேண்டுவதில்லை. மாலையில் அவன் கற்பிக்கட்டும். இரவில் ஒரு நாழிகை தன் விருப்பப்படி ஆக்கட்டும். அவன் கற்கும் கல்வி அவனுக்கும் பயன்படும், ஊருக்கும் பயன்படும்.