துளை எங்கே போடுவது என்று யாரைக் கேட்டார்கள்?

(ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்ட மாணவர்களும் இளைஞர்களும் கூடிய பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'மாசடைந்த நிலங்களை மதிப்பிடுவதில் மக்கள் பங்கேற்பு'. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்படி ஒரு தலைப்பைக் கேட்டால் தூக்கம்தான் வரும். அதனால் என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

பாலாற்றுப் பக்கம், தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஓர் ஊரின் காலனியில் வளர்ந்த ஆள் நான். எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அதில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நிலத்தடி நீரைச் சோதிக்க ஒரு நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். கையில் ஜிபிஎஸ் கருவி, ஒரு வரைபடம். துளை போட இடம் குறித்துக்கொண்டிருந்த இளைஞரிடம் அம்மா சொன்னார்: "இங்க வாணாம் சார், அந்தாண்ட போடுங்க. மழ பேஞ்சா கம்பெனித் தண்ணி அந்தப் பக்கமாத்தான் எறங்குது." அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அம்மாவுக்கு அறுபது. அம்மா அவரை 'சார்' என்றார். அவர் சொன்ன பதில்: "உனக்கு என்னம்மா தெரியும், மேப்புல இங்கதான் இருக்கு."

மேப்பில் இருந்த இடத்திலேயே துளை போட்டார்கள். 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்' என்று அறிக்கை வந்தது. அந்தக் கிணற்றில் இன்றும் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை.

அந்த இளைஞரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எடுத்த மாதிரி சரியானதாகவே இருந்திருக்கும். ஆய்வகமும் பொய் எழுதியிருக்காது. ஆனால் எங்கே தோண்டுவது என்று முடிவு செய்யும்போதே அறிக்கையில் பாதி எழுதி முடிந்துவிடுகிறது. அந்த முடிவு எடுக்கப்பட்ட அறையில் காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை. நான் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ராணிப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். இங்கே பலருக்கு அது சொந்த ஊர். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான். 1970-களில், அரைப்பதத் தோலை அனுப்புவதைக் குறைத்து முழுதாக முடித்த தோலை ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று ஒன்றிய அரசு கொள்கையை மாற்றியது. குரோம் பதனிடல் பெருகியது. பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை குரோமியத்தில் சில நாட்களில் முடிந்தது. அந்தக் காலத்தில்தான் சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை வந்தது. சுமார் இருபது ஆண்டுகள் ஓடி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. லாபம் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு வெட்டவெளியில் குன்றாகக் கிடந்தது.

அதில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். தண்ணீரில் எளிதாகக் கரையும், மஞ்சளாக இறங்கும், புற்றுநோய் உண்டாக்கும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். அவ்வளவு சிறிய அளவில் நிறமே தெரியாது. தண்ணீர் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் வரம்பை எப்போதோ தாண்டியாயிற்று என்று பொருள். 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டது. செர்னோபில் இருந்த அதே பட்டியலில் நம் ராணிப்பேட்டையும் இருந்தது.

ஆய்வுகளுக்கும் பஞ்சமில்லை. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே நிலத்தடி நீரோட்டத்தை ஆராய்ந்திருக்கிறது. பல்கலைக்கழகங்கள் கட்டுரை எழுதியிருக்கின்றன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கோட்பாடுகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே இந்த மாவட்டத்துத் தோல் கழிவு வழக்கில்தான். 1996-இல் வந்த வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். ஆலையை மூடி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். குன்றுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவரிடம் "உன் கிணறு எந்த வருஷம் கெட்டது?" என்று கேட்டுக் குறித்துவைத்த ஒரு பதிவேடு உண்டா என்று தேடிப் பாருங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே இருக்கும் யாரும் கேட்கமாட்டீர்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். தோலைத் தொடுவது இழிவு என்று வைத்த சமூகம், அந்த வேலையை யாரிடம் தள்ளியதோ அவர்களுடைய வீட்டுப் பக்கத்திலேயே கழிவையும் தள்ளியது. பல ஊர்களில் ஊர்த்தெரு மேட்டில், சேரி பள்ளத்தில். தண்ணீர் பள்ளத்துக்கு வரும், தண்ணீரோடு வருவதும் வரும். ஊரில் கிணறு கெட்டால் ஆழ்துளை போட்டுக்கொள்வார்கள், கேன் தண்ணீர் வாங்குவார்கள். கூலிக்குப் போகிறவர் அதே அடிபம்பைத்தான் அடிக்க வேண்டும். ஒரே நகராட்சி, ஒரே குரோமியம். ஆனால் உடம்புக்குள் போகும் அளவு ஒன்றல்ல.

இப்படிப்பட்ட நிலத்தை ஆய்வாளர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள்? விஷம் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது, யாரைச் சேர்கிறது என்று மூன்று கேள்விகள். அதை வைத்து ஒரு வரைபடம், அந்த வரைபடப்படி துளைகள். இந்த மூன்றுக்கும் விடையில் பாதி மக்களிடம்தான் இருக்கிறது. எந்த அடிபம்பு முதலில் மஞ்சளானது? எந்தக் குட்டையில் மாடு வாய் வைக்காது? ராத்திரியில் லாரி எங்கே கொட்டிவிட்டுப் போனது? எந்த வீட்டுக் கடைக்காலுக்கு ஆலைக் கசடை நிரப்பினார்கள்? கோடையில் எந்தச் சுவரில் மஞ்சள் உப்பு பூக்கும்? செயற்கைக்கோள் படத்தில் இது ஒன்றும் தெரியாது. மே மாதத்தில் எடுத்த தண்ணீரும் ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த தண்ணீரும் ஒரே கதையைச் சொல்வதில்லை. எந்த மாதத்தில் வந்து எடுக்க வேண்டும் என்பது அங்கே குடியிருக்கும் பெண்களுக்குத் தெரியும்.

இதை வெறும் அனுபவ அறிவு என்று ஒதுக்க முடியாது. கடலூர் சிப்காட்டில் 2004-இல் கிராமத்து மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன நாற்றம் வருகிறது என்று எழுதிவைத்தார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாற்றம் என்று புகார் சொன்னபோது சிரித்தவர்கள், ரசாயனங்களின் பெயரோடு அறிக்கை வந்ததும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கொடைக்கானலில் 2001-இல் வெப்பமானி ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் கிடந்ததை வெளியே கொண்டுவந்ததும் எந்த ஆய்வுக் குழுவும் இல்லை, உள்ளூர்க்காரர்கள்தான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த தளங்களுக்கென்றே விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களில் முதற்கட்ட மதிப்பீட்டை முடிக்க வேண்டும், அடுத்த மூன்று மாதங்களில் விரிவான ஆய்வு. பொதுமக்கள் புகார் கொடுத்தும் ஓர் இடத்தைப் பட்டியலில் சேர்க்க வைக்கலாம். இவ்வளவு காலம் கெடு என்று ஒன்றே இல்லாமல் இருந்தது, அதனால் இது முன்னேற்றம்தான். பயன்படுத்துவோம்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் நாம் வருவது இரண்டு இடத்தில் மட்டும்: தொடக்கத்தில் புகார்தாரராக, கடைசியில் இணையத்தில் போட்ட பட்டியலுக்குக் கருத்துச் சொல்பவராக. நடுவில் இருப்பதுதான் மதிப்பீடு. எங்கே தோண்டுவது, எந்த மாதம், என்னென்ன தேடுவது, தொழிற்சாலைப் பகுதிக்கான அளவை வைப்பதா குடியிருப்புக்கான அளவை வைப்பதா, எல்லாம் அங்கேதான் முடிவாகும். கொடைக்கானலில் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசத்தை விட்டுவைக்கலாமா கூடாதா என்றுதான் வருடக்கணக்கில் சண்டை நடந்தது. அந்த ஓர் எண்ணுக்குள் எத்தனை லாரி மண் அள்ள வேண்டும், எத்தனை கோடி செலவு என்பது அடங்கியிருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குப்பைமேடுகள் இந்த விதிகளுக்குள் வராது. கொடுங்கையூரிலும் மற்ற ஊர்களின் குப்பைமேட்டு ஓரங்களிலும் யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

வேறு எப்படிச் செய்ய முடியும் என்று கேட்பீர்கள். இதே குரோமியத்தால் கெட்ட ஓர் அமெரிக்கச் சிற்றூரைச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் ஹிங்க்லி. 'எரின் புரோக்கோவிச்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1996-இல் 33.3 கோடி டாலர் இழப்பீட்டோடு படம் முடிந்துவிடும், ஊரின் கதை முடியவில்லை. 'இங்கே நிலத்தடி நீரில் இயற்கையாகவே இவ்வளவு குரோமியம் உண்டு' என்று ஓர் எண்ணை நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. மக்கள் அதை ஏற்கவில்லை. அறிக்கைகளைப் படித்துத் தங்களுக்கு விளக்க ஒரு நிபுணர் வேண்டும், சம்பளத்தை நிறுவனம் கொடுக்க வேண்டும், ஆனால் அவர் எங்களுக்காக வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். பிறகு அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அந்த எண்ணைப் புதிதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் சட்டத்தில், பாதிக்கப்பட்ட மக்கள் தங்கள் சொந்த நிபுணரை வைத்துக்கொள்ள 50,000 டாலர் வரை மானியம் உண்டு. அமெரிக்காவைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அங்கே நச்சுக் குப்பை யார் வீட்டுப் பக்கம் போகிறது என்பதைக் கறுப்பின மக்களைக் கேட்டால் சொல்வார்கள். அறிக்கையைப் படிக்க ஆள் வைத்துக்கொள்வது மக்களின் உரிமை என்று அங்கே எழுதிவைக்க முடிந்திருக்கிறது என்றால், இங்கே அதைக் கேட்பதில் என்ன தயக்கம்?

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நம் வாக்குமூலத்தை இந்த அமைப்பு எப்படி நடத்தும் என்பதை வேங்கைவயலில் பார்த்தோம். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். கடைசியில் குற்றப்பத்திரிகையில் வந்ததும் அதே மக்களில் மூன்று பேரின் பெயர்தான். இதைப் பார்த்த ஒருவர், தன் கிணற்றைப் பற்றி அதிகாரியிடம் வாய் திறக்க யோசிக்கத்தான் செய்வார்.

நம் ஆட்களிடமே வேறொரு பயமும் இருக்கிறது. 'மாசடைந்த நிலம்' என்று அரசு எழுதிவிட்டால் மனைக்கு விலை போகாது, வங்கியில் கடன் கிடைக்காது, வேலை போகும், ஒரு நாள் காலி பண்ணச் சொல்வார்கள். அம்மாவின் தங்கையே சொன்னார்: "ஏண்டி கெளப்பி உட்ற? நாளைக்கி எழுந்து போன்னா எங்க போறது?" அதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். சென்னையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்த நாட்டில், அது நியாயமான கணக்கு. மாசு உறுதியானால் அந்த இடத்துக்குள் போவதைக் கட்டுப்படுத்த விதிகளில் இடம் இருக்கிறது. அதனால் சோதனைக்கு முன்பே, மாற்றுக் குடிநீர் யார் கொடுப்பார், பட்டா என்னாகும், இடம் மாற்றினால் எங்கே என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு காலனிக்குள் போய் 'பங்கெடுங்கள்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பங்கேற்பு என்ற பேரில் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். வேலை நாள், காலை பதினோரு மணி, ஊர்த்தெருக் கல்யாண மண்டபம். முன்வரிசையில் கட்சிக்காரர்கள், ஒப்பந்ததாரர்கள். நம் ஆட்கள் கதவோரம் நின்றுகொண்டு. மைக் அவர்கள் கைக்கு வரும்போது தேநீர் வந்துவிடும். கூட்டம் நம் தெருவில் நடக்க வேண்டும், கூலி வேலை முடிந்த பிறகு நடக்க வேண்டும், தோலில் வேலை செய்த பழைய தொழிலாளர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். குடியிருப்பவர் என்றால் குடும்ப அட்டை உள்ளவர் மட்டுமா என்றும் கேட்க வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்து பக்கத்துத் தோல் ஆலையிலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள். எந்த வார்டு வாக்காளர் பட்டியலிலும் இல்லாதவர்கள். அந்த மண்ணுக்கு அவர்களைவிட நெருக்கமாகப் படுத்தவர் யார்?

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் தெருவின் வரைபடத்தை நீங்களே போடுங்கள். ஒவ்வொரு கிணறு, அடிபம்பு, குட்டைக்கும் எந்த வருஷம் கெட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். முக்கியமாகப் பாட்டிகளைக் கேளுங்கள், தண்ணீர் சுமந்தது அவர்கள்தான். அதைப் பகுதி சபையிலோ கிராம சபையிலோ தீர்மானமாக வைத்து ஆட்சியரிடம் புகாராகக் கொடுங்கள். பத்து ரூபாய்த் தகவல் உரிமை மனுவில், உங்கள் மாவட்டத்தின் ஆறு மாதப் பட்டியலைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 2(j) பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. கோப்பைப் பார்ப்பதோடு நிற்காமல், பொருட்களின் சான்றிட்ட மாதிரிகளைப் பெறவும் அது உரிமை தருகிறது. துளை போட வரும்போது கூட நில்லுங்கள். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கு எடுத்த தண்ணீரைக் குளிரில் வைத்து வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். எடுத்த நேரத்தையும் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தையும் நீங்களும் எழுதிவையுங்கள்.

புகார் மனுவின் மாதிரியும் வெற்று வரைபடத் தாளும் வாசல் மேசையில் இருக்கின்றன. மழைக்கு முன்னால் ஒருமுறை, மழைக்குப் பின்னால் ஒருமுறை கூடுவோம். முதல் கூட்டத்தை யார் தெருவில் வைக்கலாம் என்று இப்போதே கை தூக்கிச் சொல்லுங்கள். எங்கள் காலனியில் என்றால் அம்மா டீ போட்டுக் கொடுப்பார், கேன் தண்ணீரில்தான்.