கல்லுக்குள் இருக்கும் யாப்பு

சிற்பம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை கோயில் தூணிலுள்ள யாளி, கோபுரத்துப் பதுமை, சந்தியில் நிற்கும் தலைவரின் சிலை. எல்லாமே பெயர் சொல்லக்கூடிய உருவங்கள். பெயர் சொல்ல இயலாத வடிவமொன்றைக் கண்டால், 'இது என்ன?' என்று கேட்கிறோம். புதிதாகச் சிற்பம் பழகுவோரின் கையை முதலில் தளரச் செய்வது இந்தக் கேள்விதான். இன்றைய உரை அவர்களுக்கும், கேள்வி கேட்கும் நமக்கும் உரியது.

இதே கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை சென்றது. ருமேனியாவிற் பிறந்து பாரிசில் வாழ்ந்த பிராங்குசி என்ற சிற்பி, 'வெளியில் பறவை' என்றொரு வெண்கலச் சிற்பம் செய்தார். அதற்குச் சிறகில்லை, அலகில்லை, காலில்லை. மேல்நோக்கி எழும் மெருகேறிய வளைவொன்றே உண்டு. 1926இல் அது நியூயோர்க் வந்திறங்கியபோது, கலைப்பொருளுக்குரிய வரிவிலக்கைச் சுங்கப் பகுதியினர் மறுத்தனர். சமையற் பாத்திரங்களும் வைத்தியசாலைப் பொருட்களும் அடங்கிய வகுப்பில் அதைச் சேர்த்து, 40 வீதத் தீர்வை விதித்தனர். 1928இல் நீதிமன்றம் அது கலைப்படைப்பே எனத் தீர்ப்பளித்தது. பிராங்குசி வடிக்க விரும்பியது பறத்தல் என்னும் செயலையே.

இத்தகைய அருவச் சிற்பம் மேனாட்டுச் சரக்கு, நமக்கு ஒவ்வாதது என்று சிலர் கருதுகின்றனர். சைவ சித்தாந்தம் இறைவன் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என வகுக்கிறது. கண்ணும் கரமும் இல்லாத சிவலிங்கம் அருவுருவத் திருமேனி. நமது தோட்டங்களில் மரத்தடியில் நட்ட செதுக்காத கல்லுக்கு மஞ்சள் பூசி வணங்குவோர், 'இதற்கு முகம் எங்கே?' என்று கேட்பதில்லை. வழிபாடு வேறு, கலை வேறு என்பது மெய்தான். ஆயினும் முகமில்லா வடிவத்தின் முன்நின்று உணரும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு.

உருவ ஒற்றுமை இல்லாவிடில் சிற்பத்தைத் தாங்கி நிற்பது எது? வடிவமைப்பு விதிகள்தாம். செய்யுள் படித்தவர்க்கு இவை கடினமல்ல. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றிவர, முதலெழுத்து மாறி வருகிறது. சிற்பத்திலும் ஒரு வளைவு வேறோர் அளவில் மீண்டும் வரும்போது லயம் பிறக்கிறது. சொரசொரப்பின் பக்கத்தில் வழவழப்பை வைப்பது முரண்தொடை. சமநிலை என்பது இருபுறமும் ஒரே அளவு வைப்பதன்று. நாற்சீர் அடிகளாய் வந்து முச்சீரில் முடியும் வெண்பா, குறைபட்டதாகவா நமக்குத் தோன்றுகிறது? நிறைவாகவே முடிகிறது. தாலாட்டின் 'ஆராரோ'வுக்குப் பொருள் தேடியா குழந்தை உறங்குகிறது?

வெற்றிடமும் வடிவமே என்று காட்டியவர் இங்கிலாந்தின் ஹென்றி மூர். 1898இல் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். கூழாங்கற்களையும் எலும்புகளையும் சேகரித்து அவற்றின் அமைப்பைக் கற்றவர். திரண்ட பகுதிக்குள்ள பொருள் துளைக்கும் உண்டு என்பது அவர் கொள்கை.

நீக்குவதால் வடிவம் பிறக்கும் என்பதை மலையகத்தார்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டாது விட்டால் மரமாகிவிடும் தேயிலையை இடுப்பளவில் நிறுத்துவது கவ்வாத்துக் கத்தி. எந்தக் கிளையை விடுவது, எதை எடுப்பது, எந்தச் சாய்வில் வெட்டுவது என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். அந்தக் கைகளின் பிள்ளைகளோ, அச்சொட்டாக வரைந்தாற்றான் சித்திரப் பாடத்தில் புள்ளி என்று நம்புகிறார்கள். பளிங்கும் வெண்கலமும் இல்லாததால் சிற்பம் நமக்கு எட்டாதென ஒதுங்குகிறார்கள். நமக்குப் பேரிழப்பு இதுவே.

வசதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தவர்கள், பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றே தங்கள் கலையைப் பேணினர். அவர்களுள் ஒருவரான ஜானகிராம், செப்புத் தகட்டை அடித்துச் சிற்பமாக்கினார்.

தொடங்குவோர் ஓடையில் உருண்டு வந்த ஒரு கல்லை எடுத்து, நான்கு பக்கமும் திருப்பி வரையட்டும். ஒரு சவர்க்காரக் கட்டியில் ஒரு வளைவையும் ஒரு துளையையும் மட்டும் செதுக்கிப் பார்க்கட்டும். மறுநடுகைக்காகப் பிடுங்கி எறிந்த தேயிலைத் தூர் கிடைத்தால், அதில் உடனே மானையும் பாம்பையும் தேட வேண்டாம். பாரம் எங்கே தங்குகிறது, இடைவெளி எங்கே திறக்கிறது என்று பார்த்து, அதை மறைப்பதை மட்டும் நீக்கினாற் போதும். ஆனால், அருவம் என்ற பெயரால் கைபோன போக்கிற் செய்வது கலையாகாது. தளை தட்டினால் வெண்பா கெடுவது போல், வேண்டாத ஒரு வளைவு சிற்பத்தைக் கெடுத்துவிடும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தான் செய்ததைக் கொண்டுவந்து காட்டும்போது, 'இது என்ன?' என்று கேளாதீர்கள். 'ஏன் இந்தப் பக்கம் சாய்த்தாய்? இங்கே ஏன் துளையிட்டாய்?' என்று கேளுங்கள். பிள்ளையிடம் அதற்கு மறுமொழி இருந்தால், உங்கள் முன் நிற்பது ஒரு சிற்பி.